கம்பியும் இருக்கு, கைடும் இருக்காரு: பத்துமலை இரும்புப் பாதையில் நாம் செய்யும் தவறுகள்

பத்துமலைக்கு நாம் போவது முருகனைப் பார்க்க. 272 படி ஏறி, குரங்கிடமிருந்து பையைக் காப்பாற்றி, இறங்கி வந்து வாழையிலைச் சாப்பாடு. அதே சுண்ணாம்பு மலைக்கு இன்னொரு முகம் இருக்கிறது. கோயிலுக்கு மறுபக்கம், குவா டாமாய் பக்கமாகப் போனால், வார இறுதிக் காலைகளில் கயிறும் கையுமாகப் பாறையேறிகள் நிற்பார்கள். கோலாலம்பூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது நாற்பது வயதில்தான் தெரிந்தது.

கயிற்றில் ஏறப் பழகாதவர்களுக்கு அங்கே ஒரு வழி உண்டு: வியா ஃபெராட்டா. இத்தாலிய மொழியில் 'இரும்புப் பாதை'. பாறையில் இரும்புப் படிகளை அடித்து, பக்கத்திலேயே எஃகுக் கேபிள் ஓட்டியிருப்பார்கள். முதல் உலகப் போரில் டோலமைட் மலைகளில் படைவீரர்கள் ஏறி இறங்க இப்படி ஏணியும் கம்பியும் போட்டார்கள்; போர் முடிந்தபின் மலையேறிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். இடுப்பில் ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டை, அதிலிருந்து இரண்டு வார், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கராபினர், அதாவது திறந்து பூட்டும் கொக்கி. இரண்டையும் கேபிளில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும், அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' என்பதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. என் மச்சான் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னது: "கம்பியும் இருக்கு, கைடும் இருக்காரு. விழுந்தா புடிச்சுக்கும்."

புடிச்சுக்கும், சரி. எப்படிப் பிடிக்கும் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

உள்ளரங்குச் சுவரில் ஏறியவர்களுக்கு விழுவது பழக்கம். மேலிருந்து வரும் கயிறு நீளமானது, இழுபடும். கை விட்டால் ஒரு முழம் இறங்கி ஊஞ்சலாடுவீர்கள். இங்கே கேபிளைப் பாறையோடு பிடித்திருக்கும் ஆங்கர்கள் இடைவெளி விட்டு இருக்கும். நேர்குத்தான இடத்தில் அந்த இடைவெளி மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் ஆங்கரை எட்டும் நேரத்தில் கை நழுவினால், கராபினர் கேபிளோடு வழுக்கி மூன்று மீட்டரும் கீழே போய், பழைய ஆங்கரில் இடித்துத்தான் நிற்கும். அதற்கும் கீழே வாரின் நீளம் ஒரு மீட்டர். ஆக நாலு மீட்டர் விழுகிறீர்கள். அதைத் தாங்க ஒரு மீட்டர் வார்தான் இருக்கிறது. விழும் தூரத்தை வாரின் நீளத்தால் வகுத்தால் 4. சாதாரணக் கயிறேற்றத்தில் இந்த எண் 2-ஐத் தாண்டாது.

அதனால்தான் வாரின் அடியில் மடித்துத் தைத்த ஒரு சின்னப் பை தொங்குகிறது. விழுந்தால் அதன் தையல் கிழிந்து கிழிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். உயிர் பிழைக்கலாம். ஆனால் விழும் வழியெல்லாம் இரும்புப் படி நீட்டிக்கொண்டிருக்கிறதே, முழங்காலும் முகமும் அதைத் தாண்டித்தானே வர வேண்டும்? ஆகவே இந்தப் பாதையில் விழுந்து பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. வார், பை, கராபினர் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு தொகுப்பு; ஒருமுறை கிழிந்த தொகுப்பும் அதோடு சரி, மறுபடி பயன்படாது.

இதைப் புரிந்துகொண்டால் எடை விஷயத்தில் கூச்சப்பட மாட்டீர்கள். இந்தத் தொகுப்புகளுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான இஎன் 958, 2017-ல் திருத்தப்பட்டபின் இந்தத் தொகுப்புகள் 40 முதல் 120 கிலோ வரையிலான ஆட்களுக்குத்தான். பதிவுத் தாளில் 128 கிலோவை 115 என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தையலுக்கு உங்கள் மானம் மரியாதை தெரியாது. பிள்ளைகளுக்கு மறுபக்கம் ஆபத்து: 40 கிலோவுக்குக் குறைந்த உடம்பு விழுந்தால் தையல் போதிய அளவு கிழியாது, அதிர்ச்சி முழுவதும் பிள்ளையின் உடம்புக்குப் போகும். அவர்களை மேலிருந்து தனிக் கயிற்றில் பிடிக்க வேண்டும். "சும்மா கூட வரட்டும்" என்று எந்த கைடாவது சொன்னால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

வாடகைத் தொகுப்பின் வயதையும் கேளுங்கள். ஆஸ்திரியாவில் 2012-ல் விழுந்த ஒருவருக்கு இரண்டு வாரும் அறுந்து உயிர் போனது. மீள்தன்மையுள்ள வார், பயன்பாட்டில் உள்ளே நைந்து போயிருந்தது. அதன்பின் பல தொகுப்புகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

இனி மாட்டும் முறை. ஆங்கர் வந்ததும் ஒரு கராபினரைக் கழற்றி ஆங்கருக்கு அப்பால் மாட்ட வேண்டும். 'டக்' என்று பூட்டிய சத்தம் கேட்டபிறகுதான் அடுத்தது. எந்த நொடியிலும் ஒன்றாவது கேபிளில் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் புரியும் விதிதான். ஆனால் தவறு முதல் பத்து ஆங்கரில் நடப்பதில்லை, முப்பதாவதில் நடக்கிறது. கை தானாக வேலை செய்யும், மனம் மாமாக் கடையில் இருக்கும். என் மச்சான் பாதி உயரத்தில் பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே இரண்டையும் ஒன்றாகக் கழற்றி, இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கீழேயிருந்து பார்த்த எனக்கு அடிவயிறு கலங்கியது. கைடு கத்தவில்லை. "அண்ணே, பேச்ச நிறுத்துங்க. ஒண்ண மாட்டுங்க," என்றார் மெதுவாக. மச்சான் மாட்டினார். அதற்கப்புறம் மேலே போகும்வரை வாயே திறக்கவில்லை.

களைத்தால் தொங்கி ஓய்வெடுக்க மூன்றாவதாக ஒரு குட்டை வார் இருக்கும். அதைப் படியில் மாட்டி உட்காரலாம். கிளம்பும்போது மறக்காமல் கழற்ற வேண்டும்; அந்தக் குட்டை வாருக்குக் கிழியும் தையல் கிடையாது. இரண்டு ஆங்கருக்கு நடுவில் ஒருவர் மட்டும் என்பதும் மறக்கக்கூடாத விதி. படம் எடுக்க நெருங்கி நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. மேலே இருப்பவர் வழுக்கினால் கீழே இருப்பவர் தலையில்தான் வருவார்.

என் தவறு வேறு மாதிரி. கையால் ஏறினேன். படியை இறுக்கிப் பிடித்து, கையை மடக்கி, உடம்பை இழுத்து, இருபது நிமிடத்தில் முன்கை கல்லாகிவிட்டது. "அக்கா, கைய நீட்டுங்க. கால் ஏறட்டும்," என்றார் கைடு. கையை நீட்டித் தொங்கவிட்டு, இடுப்பைப் பாறையோடு ஒட்டி, அடுத்த படிக்குக் காலைத் தூக்கினால் பாதிப் பாரம் குறைகிறது. நம் வீட்டு மாடிப்படியில் யாராவது கையால் ஏறுகிறோமா?

காலணி: சேற்றுமலை ஏறுபவர்களின் செல்லமான கம்போங் அடிடாஸ் ரப்பர் சப்பாத்து இங்கே வேண்டாம். அடி மெல்லியது, இரும்புப் படி உள்ளங்காலை அறுக்கும். கெட்டி அடி உள்ளதாகப் போடுங்கள். மோதிரத்தைக் கட்டாயம் கழற்றுங்கள். படியில் மாட்டி உடம்பு இறங்கினால் விரலின் தோல் உரிந்து வந்துவிடும். காப்பு, வளையல், நீளச் சங்கிலியும் அப்படியே. பின்னலை உள்ளே செருகுங்கள், சால்வை வேண்டாம்.

நேரத்தைப் பற்றி ஒன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில், அதுவும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில், மதியத்துக்குமேல் இடி மழை. மலைமுகத்தில் ஓடும் எஃகுக் கேபிளில் உங்களையே மாட்டிக்கொண்டு மின்னலைப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். முதல் காலை நேரத்தையே பதிவு செய்யுங்கள். பசியாறாமலும் வராதீர்கள், அதற்காக சம்பல் வழிய நாசி லெமாக்கும் வேண்டாம். தைப்பூச வாரத்தில் இந்தப் பக்கம் கார் நகராது, அப்போது காவடி பார்க்க மட்டும் வாருங்கள்.

இங்கே ஒருமுறை ஏறியதும் சிலர் கினபாலுவுக்கு டிக்கெட் போடுகிறார்கள். அங்குள்ள இரும்புப் பாதை 2007-ல் திறந்தது, 3,700 மீட்டருக்குமேல் போகிறது. கம்பி ஒன்றுதான், காற்று வேறு. அங்கே உங்களைச் சோதிப்பது குளிரும் மெலிந்த மூச்சும். பத்துமலைப் பயிற்சி அதில் கால்வாசிக்கும் உதவாது.

கடைசியாக, ஹெல்மெட். இறங்கி வந்ததும் வேர்வை தாங்காமல் எல்லோரும் முதலில் கழற்றுவது அதைத்தான். நானும் கழற்றினேன், பாறையின் காலடியிலேயே நின்று. மேலே அடுத்த குழு ஏறிக்கொண்டிருந்தது. இருபது காசு அளவு கல் ஒன்று என் தண்ணீர் போத்தலின் பக்கத்தில் வந்து தெறித்தது. கைடு போத்தலை எடுத்து என் கையில் கொடுத்து, கார் நிறுத்தம் இருக்கும் பக்கம் விரலை நீட்டினார்.