பதினோராவது யோசனைக்கு எப்படிப் போவது?

பதினாறு வருடங்களாகச் சிறுவர் மாத இதழ் ஒன்றுக்குப் புதிர்ப் பக்கங்கள் செய்து கொடுக்கிறேன். மாதம் பன்னிரண்டு புதிர்கள், இருபதாம் தேதிக்குள். இவ்வளவு யோசனை எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களிடம், "இருபதாம் தேதியிலிருந்து" என்பேன். பாதி விளையாட்டுதான், பாதி நிஜம். தோன்றும்போது செய்யலாம் என்று நான் உட்கார்ந்திருந்தால் இரண்டாவது இதழோடு பக்கம் நின்றிருக்கும்.

முதலில் ஒரு தாளை எடுத்து இடது ஓரத்தில் 1 முதல் 30 வரை எண் போட்டுவிடுங்கள். யோசிப்பதற்கு முன்பே போட வேண்டும். மேலே உங்கள் கேள்வியை எழுதுங்கள். "வழி கண்டுபிடி புதிரில் புதிதாக என்ன செய்யலாம்?" என்று எழுதினால் ஒன்றும் வராது. "ஏழு வயதுக் குழந்தை பென்சிலை வைத்ததும் ஒரு நிமிடம் திகைத்து நிற்க என்ன செய்யலாம்?" என்று எழுதினால் மனம் எதையாவது பிடித்துக்கொள்ளும். அப்புறம் நிற்காமல் எழுதுங்கள்.

முதல் பத்து வேகமாக வரும். எலிக்கு வளை, முயலுக்குப் புதர், குரங்குக்கு மரம். இவை என்னுடையவை அல்ல. யார் தலையைத் தட்டினாலும் விழுபவை. இருந்தாலும் எழுதித் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். பதினைந்துக்குப் பக்கத்தில் தலை காலியாகிவிட்டது போலிருக்கும். பெரும்பாலோர் எழுந்து போவது அங்கேதான். எழுந்திருக்காதீர்கள். ஒரு செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்கும் சோதனையால் பெயர்பெற்ற அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்டும் அவருடன் வேலை செய்தவர்களும் 1957இலேயே இதைக் கவனித்திருக்கிறார்கள்: நேரம் போகப் போகத்தான் மற்றவர்களுக்குத் தோன்றாத விடைகள் வருகின்றன.

முப்பதும் முடிவதற்குள் எதையும் நல்லது, கெட்டது என்று சொல்லக் கூடாது. எழுதும் கையும் அடிக்கும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் இரண்டும் கெடும்.

பட்டியல் முட்டி நின்றுவிட்டதா? எனக்கு அதிகம் கைகொடுத்த முறை ஒன்று இருக்கிறது. அந்தப் பொருளில் "இது இப்படித்தான்" என்று யாரும் சொல்லாமலே ஏற்றுக்கொண்டிருக்கும் விஷயங்களை வரிசையாக எழுதுவது. அசட்டுத்தனமாகத் தோன்றும் அளவுக்கு வெளிப்படையானவற்றையும் எழுத வேண்டும். வழி கண்டுபிடி புதிருக்கு நான் எழுதியவை: சுவர்கள் இருக்கும். எந்தப் பக்கமும் திரும்பலாம். வந்த வழியே பின்னால் போகலாம். ஒருவர்தான் நடக்கிறார்.

இப்போது ஒவ்வொன்றையும் தலைகீழாக்குங்கள். சுவரே இல்லை என்றால்? கட்டங்கள் நிறைய எண்கள். 3 என்ற கட்டத்தில் நின்றால் மூன்று கட்டம் தாவ வேண்டும். ஒருவர் இல்லை, இருவர் என்றால்? இரண்டு எறும்புகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன, நடுவில் மோதக் கூடாது. இடப்பக்கம் திரும்பவே கூடாது என்றால்? இதை எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் வரைந்து பார்த்தால், இடப்பக்கம் போக வேண்டிய இடத்தில் மூன்று முறை வலப்பக்கம் திரும்பிச் சுற்றி வரலாம். அந்தச் சுற்றுக்கு எங்கே இடம் விடுவது என்பதிலேயே புதிர் அமைந்துவிட்டது. தலைகீழாக்கியதை ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள். "அப்படியானால் அடுத்து என்ன நடக்கும்?" என்று மூன்று, நான்கு படிகள் பின்தொடர வேண்டும். விஷயம் இருப்பது மூன்றாவது படியில்.

அகராதி முறையும் உண்டு. பக்க எண்ணை முதலிலேயே முடிவு செய்துகொண்டு, அந்தப் பக்கத்தின் முதல் பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள்வது. சொல் பிடிக்கவில்லை என்று அடுத்ததற்குத் தாவினால் பழைய பாதைக்கே போய்விடுவீர்கள். சிந்திக்கும் முறைகளைப் பற்றி நிறைய எழுதிய எட்வர்ட் டி போனோ பரப்பிய முறை இது. ஒருமுறை எனக்குத் 'தாழ்ப்பாள்' வந்தது. உடனே புதிரோடு ஒட்டவைக்கப் பார்க்காமல், தாழ்ப்பாளின் குணங்களை மட்டும் எழுதினேன்: சத்தம் போடும், குழந்தைக்கு எட்டாது, உள்ளிருந்துதான் திறக்கும். கடைசியைப் படித்ததும் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் திறக்கும் கதவுகள் கொண்ட புதிர் கிடைத்தது. சொல்லிவிடுகிறேன், பத்துச் சொற்களில் ஏழு எட்டு வீண்தான். ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி ஜெட் எஞ்சின் வகைகளை ஆராயக் கையாண்ட பெட்டி முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யார், எங்கே, என்ன தடை, என்ன விதி என்று நான்கு பத்திகள். ஒவ்வொன்றிலும் ஐந்து பதில்கள். பத்திக்கு ஒரு பதிலாக எடுத்துச் சேர்த்தால் சேர்க்கைகள் 625. எண்ணிக்கை மிரட்டும், ஆனால் பெரும்பாலானவை உப்புச்சப்பில்லாதவை. அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

கூட்டமாக உட்கார்ந்து யோசிப்பது பற்றிக் கேட்பார்கள். 'பிரெய்ன்ஸ்டார்மிங்' என்பதைப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்ற விளம்பரக்காரர். விமர்சிக்காதே, நிறையச் சொல், விசித்திரமானதையும் சொல், அடுத்தவர் சொன்னதன் மேல் கட்டு என்ற அவருடைய விதிகள் நல்லவை. ஆனால் 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, சேர்ந்து உட்கார்ந்த நால்வரைவிடத் தனித்தனியாக யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்தால் யோசனைகள் அதிகமாக இருந்தன. காரணம் புரியாததல்ல. ஒருவர் பேசும்போது மற்ற மூவரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் தோன்றியது மறந்துவிடும். நான் இருந்த ஒரு கூட்டத்தில் பெரியவர் ஒருவர் முதல் யோசனைக்கே உதட்டைப் பிதுக்கினார். அதன்பிறகு மின்விசிறிச் சத்தம்தான்.

அதனால் குழுவில் வாயை மூடி எழுதவிடுங்கள். ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள், ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை. பிறகு தாளைப் பக்கத்தில் இருப்பவருக்கு நகர்த்த வேண்டும். அவர் அதைப் படித்து, அடியில் தன்னுடைய மூன்றை எழுதுவார். ஆறு சுற்றில், அரை மணி நேரத்தில் 108 வரிகள். கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்த்ததில்லை.

எதுவும் நகரவில்லை என்றால் நடக்கப் போங்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2014இல் செய்த ஆய்வில், வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்குக்கூட உட்கார்ந்திருந்தவர்களைவிடப் புதிய யோசனைகள் அதிகம் வந்தன. ஒரே விடை உள்ள கேள்விகளுக்கு மட்டும் நடை உதவவில்லை. ஆகவே தேட நடை, பொறுக்க நாற்காலி. போகும்போது சின்ன நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தோன்றியதை முழு வாக்கியமாக எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பக்கத்தில் "நிழல்!!" என்று மட்டும் இருக்கிறது. இரண்டு ஆச்சரியக்குறி போடும் அளவுக்கு என்ன தோன்றியது என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

பொறுக்குவதை மறுநாளைக்கு வையுங்கள். முப்பதில் மூன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் கால் மணி நேரத்தில் கோணல்மாணலாக வரைந்தோ செய்தோ பாருங்கள். தலைக்குள் வைத்தே தீர்ப்புச் சொல்லாதீர்கள். மற்ற இருபத்தேழும் தேதியோடு ஒரு பெட்டிக்குள் போகட்டும். நான் வைத்திருப்பது பழைய செருப்புப் பெட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறப்பேன்.

அந்த இடப்பக்கம் திரும்பாத புதிர், "குழப்பும்" என்ற என் குறிப்போடு இரண்டு வருடம் அதில் கிடந்தது. ஒரு மாதம் வேறு வழியில்லாமல் அதை எடுத்து வரைந்து, உறவுக்காரப் பையன் ஒருவனிடம் கொடுத்தேன். அவன் வலமா இடமா என்று தடுமாறவே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் தாளை ஸ்டியரிங் மாதிரி சுற்றிக்கொண்டே போய் வெளியே வந்துவிட்டான். அடுத்த மாதத் தாளில் முதல் வரியாக, "தாளைச் சுற்றினால் மட்டுமே விடை தெரியும் புதிர்" என்று எழுதிவைத்திருக்கிறேன். இன்னும் இருபத்தொன்பது பாக்கி.