பணவீக்கம் இறங்கியது, விலை ஏன் இறங்கவில்லை?

2023 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 1.3 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று செய்தி வந்தபோது, கடைக்குப் போய்வந்த பலருக்குக் கோபம்தான் வந்தது. "எந்தச் சாமான் குறைஞ்சது?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதிலிருந்து "புள்ளிவிபரமே பொய்" என்று முடிவு கட்டுவது பிழை.

பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம். 2022 செப்டெம்பரில் அது 69.8 சதவீதம். அதாவது ஓராண்டுக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் சராசரியாக 170 ரூபாய் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு 1.3 சதவீதம் என்றால், அந்த 170 ஏறக்குறைய 172 ஆனது. ஏற்றம் நின்றதே தவிர, பழைய 100 திரும்பி வரவில்லை. செய்தியும் உண்மை, உங்கள் பையில் காசு மிஞ்சாததும் உண்மை.

அடுத்த பிழை, ஒரு சாமானை வைத்து முழு நாட்டையும் அளப்பது. 2024 கடைசியில் ஒரு தேங்காய் 200 ரூபாய் வரை போனது. சம்பலுக்குப் பாதித் தேங்காயை எடுத்துக்கொண்டு மீதியை நாளைக்கு வைத்த வீடுகள் எத்தனை! அதே டிசம்பரில் கொழும்புப் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழே, மைனஸ் 1.7. மின்கட்டணம் குறைந்ததும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. தேங்காய் தினமும் கையில் படும். மின்பட்டியல் மாதம் ஒருமுறைதான் வரும். அதனால் ஏறியதே மனதில் நிற்கிறது.

மேலே சொன்ன எண்களெல்லாம் கொழும்புச் சுட்டெண்ணில், அதாவது கொழும்பின் விலைகளைச் சேர்த்துக் கணக்கிடும் எண்ணில், இருந்து வருபவை. அதைத் தீவு முழுவதற்கும் பொருத்துவதும் சரியில்லை. அதற்கென்று தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் தனியாக இருக்கிறது. அதில் உணவுக்கு இன்னும் பெரிய பங்கு.

என்னை அதிகம் வருத்துவது சம்பளத்தில் நடக்கும் பிழை. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் ஆகக்குறைந்த நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. 2024 செப்டெம்பரில் 1,350. கூடியது 35 சதவீதம். அந்த மாதப் பணவீக்கமோ மைனஸ் 0.5. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், "நல்ல உயர்வுதானே" என்பார். இதற்கு முன் சம்பளம் கடைசியாக எப்போது கூடியதோ, அங்கிருந்தல்லவா விலையையும் எண்ண வேண்டும்? கொழும்புச் சுட்டெண் தோட்டத்துக்கு அப்படியே பொருந்தாதுதான், ஆனாலும் ஒரு மதிப்பீட்டுக்கு அதையே எடுப்போம். அது 2021ஆம் ஆண்டின் விலைகளை 100 என்று வைக்கிறது. 2024 செப்டெம்பரில் அது சுமார் 190. அப்படியானால் 2021இல் 1,000 ரூபாய்க்கு வாங்கியதை வாங்க அப்போது சுமார் 1,900 வேண்டியிருந்தது. கையில் வந்தது 1,350. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வருமானத்தின் பெரிய பங்கு சாப்பாட்டுக்கே போகிறது. உணவுப் பணவீக்கமோ 2022 செப்டெம்பரில் 94.9 வரை ஏறியிருந்தது.

"சம்பளம் கூடினது, ஆனா காணாது" என்று கொழுந்து பறிக்கும் அக்கா சொன்னால், அதை வெறும் மனக்குறை என்று தள்ளிவிடாதீர்கள். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் சுட்டெண்ணும் அதையேதான் சொல்கிறது.