'எக்ஸர்ட்' என்ற ஆங்கில வினையை இடமறிந்து பயன்படுத்துவது எப்படி?

செல்வாக்கு, அழுத்தம், விசை, கட்டுப்பாடு ஆகியவற்றை ஒருவர் மீதோ ஒரு பொருள் மீதோ செலுத்துவதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'எக்ஸர்ட்' என்ற வினைச்சொல் வழங்குகிறது. ஈ, எக்ஸ், ஈ, ஆர், டி என்பவை இதன் எழுத்துகள். உச்சரிக்கும்போது முதல் அசை 'இக்' என்று குறுகி, அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். செய்தி, அறிவியல், அலுவல் கடிதம் போன்ற எழுத்து நடைக்கே இது பெரிதும் உரியது. காலத்திற்கேற்ப வடிவம் மாறுவதில் புதுமை ஏதுமில்லை என்பதால் நேரடியாகப் பயன்பாட்டுக்கு வருகிறேன்.

படி 1: செயப்படுபொருளை முதலில் முடிவு செய்யுங்கள். 'ஹி எக்ஸர்ட்டட்' என்று வாக்கியத்தை நிறுத்த இயலாது. எதைச் செலுத்தினார் என்பது வந்தே ஆக வேண்டும். 'இன்ஃபுளுயன்ஸ்', 'பிரஷர்', 'ஃபோர்ஸ்', 'கன்ட்ரோல்', 'அதாரிட்டி' ஆகிய ஐந்தையும் இந்த வினையோடு சேர்த்தே மனப்பாடம் செய்துகொண்டால் தொடக்க நிலைக்குப் போதுமானது.

படி 2: 'செலுத்து' என்ற தமிழ்ச் சொல்லை நம்பி மொழிபெயர்க்காதீர்கள். தமிழில் எழுத நினைத்ததை ஆங்கிலத்தில் அமைப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகையால் இங்கே சற்று நிற்க வேண்டும். நாம் செல்வாக்கையும் செலுத்துகிறோம், வரியையும் செலுத்துகிறோம், கவனம், அஞ்சலி, வாகனம், தடுப்பூசி என எல்லாவற்றையும் செலுத்துகிறோம்; ஆங்கிலமோ இவற்றைப் பல வினைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. வரி, கவனம், அஞ்சலி மூன்றும் 'பே' என்ற வினைக்குப் போய்விடும்: 'பே டேக்ஸ்', 'பே அட்டென்ஷன்', 'பே டிரிபியூட்'. வாகனத்துக்கு 'டிரைவ்', தடுப்பூசிக்கு 'கிவ்' அல்லது 'அட்மினிஸ்டர்'. எஞ்சி நிற்கும் செல்வாக்கு, அழுத்தம், விசை, அதிகாரம் ஆகியவையே 'எக்ஸர்ட்'டின் பங்கு. செலுத்தப்படுவது மற்றொன்றின் போக்கை மாற்றக்கூடிய ஆற்றலா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் இந்த வினை பொருந்தும், இல்லையென்றால் வேறு வினையைத் தேடுங்கள்.

படி 3: முன்னிடைச்சொல்லைச் சரிபாருங்கள். 'மீது' என்று தமிழில் வரும் இடத்தில் 'ஆன்' வரும். அழுத்தத்திற்கும் இயற்பியல் விசைக்கும் அது ஒன்றே வழக்கம்: 'தி மூன் எக்ஸர்ட்ஸ் எ புல் ஆன் தி எர்த்', அதாவது நிலவு புவியின் மீது ஈர்ப்பைச் செலுத்துகிறது. செல்வாக்கிற்கு 'ஆன்', 'ஓவர்' இரண்டும் வரலாம். 'ஓவர்' என்றால் ஆட்டிப்படைக்கும் பிடி இருக்கிறது என்ற சாயல் கூடுகிறது. கட்டுப்பாட்டிற்கும் அதிகாரத்திற்கும் 'ஓவர்' என்றே எழுதுங்கள். மாறாக, 'இன்ஃபுளுயன்ஸ்' என்பதையே வினையாக்கினால் எந்த முன்னிடைச்சொல்லும் கூடாது. 'ஷி இன்ஃபுளுயன்ஸ்ட் ஹிம்' என்பது சரி. நடுவில் 'ஆன்' நுழைந்தால் பிழை.

படி 4: ஒத்த சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். 'வீல்ட்' என்பது அதிகாரத்தைக் கையில் வைத்திருந்து பயன்படுத்துபவருக்கு உரியது. வாளுக்கும் கோடரிக்கும்கூட அதுவே வரும். நிலவு எதையும் 'வீல்ட்' செய்யாது என்பதை நினைவில் வைத்தால் குழப்பம் தீரும். உரிமை, எச்சரிக்கை, நிதானம் ஆகியவற்றிற்கு 'எக்ஸர்சைஸ்' மட்டுமே பொருந்தும். 'எக்ஸர்ட் காஷன்' என்று எவரும் எழுதுவதில்லை. 'அப்ளை' என்று எழுதினால் 'ஆன்' போய் 'டு' வர வேண்டும்: காயத்தின் மீது அழுத்தம் கொடுப்பது 'அப்ளை பிரஷர் டு தி வூண்ட்'. வரி, தடை, அபராதம் ஆகியவற்றை விதிப்பது 'இம்போஸ்'.

படி 5: 'எக்ஸர்ட் யுவர்செல்ஃப்' என்ற வடிவத்தைத் தனியாகப் படியுங்கள். செயப்படுபொருளின் இடத்தில் 'மைசெல்ஃப்', 'ஹிம்செல்ஃப்' போன்ற சொல் வந்தால் பொருளே மாறிவிடும். செல்வாக்கு மறைந்து உடலையோ மனத்தையோ வருத்தி முயல்வது என்றாகும். அறுவை சிகிச்சை முடிந்தவரிடம் மருத்துவர் 'டோன்ட் எக்ஸர்ட் யுவர்செல்ஃப்' என்றால், உடலை அலட்டிக்கொள்ள வேண்டாம் என்று பொருள். இந்தப் பொருளுக்கு 'ஸ்ட்ரைவ்', 'லேபர்' ஆகியவை நெருங்கிய சொற்கள். 'வீல்ட்', 'அப்ளை' இரண்டும் இங்கே உதவமாட்டா.

கருவிகளைப் பொறுத்தவரை என் விருப்பம் தெளிவானது: ஒத்தசொல் அகராதியைத் தொடக்க நிலையில் திறக்கவே வேண்டாம். 1852இல் வெளிவந்த ரோஜேயின் 'தெசாரஸ்' முதல் இன்றைய இணையப் பட்டியல்கள் வரை, அவை சொற்களைக் கருத்தின்படி அடுக்குகின்றனவே தவிர, எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதை விளக்குவதில்லை. அதற்குப் பதிலாக, சொற்சேர்க்கை அகராதி ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்; ஆக்ஸ்ஃபோர்டின் சொற்சேர்க்கை அகராதியை நான் பரிந்துரைப்பேன். ஐயம் மீறினால், நூறு கோடிக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட 'கோகா' என்ற அமெரிக்க ஆங்கிலத் தரவகத்தில் இந்த வினையைத் தேடி, அதையடுத்து வரும் பெயர்ச்சொற்களைப் பாருங்கள்.

பின்சேர்க்கை: 'எக்ஸர்ட் எஃபர்ட்' என்று எழுதலாமா என வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அது பிழையன்று, ஆயினும் 'மேக் அன் எஃபர்ட்' என்பதே இயல்பாக ஒலிக்கும் என்பதால் நான் அதையே எழுதுவேன். 'எக்ஸர்ஷன்' என்ற பெயர்ச்சொல்லைப் பற்றியும் ஒரு கேள்வி வந்தது. அது பெரும்பாலும் ஐந்தாம் படியில் சொன்ன உடல் உழைப்பையே குறிக்கும் என்பதால், செல்வாக்கைப் பற்றி எழுதும்போது பெயர்ச்சொல்லாக மாற்ற முயலாமல் வினையாகவே விட்டுவிடுங்கள்.