திருத்திய தாளின் ஓரத்தில் இரண்டு வரி

காலாண்டுத் தேர்வு முடிந்து தாள் கட்டு மேசைக்கு வந்ததும் நம்மில் பலர் முதலில் பார்ப்பது, யார் யார் ஃபெயில் என்பதைத்தான். நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி, "பசங்கள எப்படி டீச்சர் உற்சாகப்படுத்துறது? பேசிப் பேசி வாய் வலிக்குது, ஒண்ணும் ஏற மாட்டேங்குது" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். முதலில் பேச்சைக் குறையுங்கள் என்றேன். தான் செய்ததை டீச்சர் நிஜமாகவே உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

தாளிலிருந்தே தொடங்கலாம். இருபடிச் சமன்பாட்டைக் காரணிப்படுத்தித் தீர்க்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 100க்கு 18 வாங்குகிற பையன்கூட நடு உறுப்பைச் சரியாகப் பிரித்திருப்பான். இரண்டு காரணிகளையும் அடைப்புக்குறி போட்டு ஒழுங்காக எழுதியிருப்பான். கடைசி வரியில் 3, 4 என்று வரவேண்டிய விடையை மைனஸ் 3, மைனஸ் 4 என்று எழுதி வைத்திருப்பான். நாம் அவசரத்தில் விடையை மட்டும் பார்த்துப் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு நகர்ந்துவிட்டால், அவனைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் முழுக்கத் தப்பு. ஸ்டெப் மார்க் கொடுப்பது நம் வேலை, அதைப் பாராட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு மேல் ஒரு காரியம் செய்யுங்கள். சரியாக இருக்கிற கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டு, ஓரத்தில் இப்படி எழுதுங்கள்: "இதுவரை சரி. அழகாகப் பிரித்திருக்கிறாய். ஒவ்வொரு காரணியையும் பூச்சியத்துக்குச் சமப்படுத்து, குறி என்னவாகிறது என்று பார்."

இதற்கு அரை நிமிஷம் ஆகும். வகுப்பு முழுக்க எழுத முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் அவர் கட்டுக் கட்டாகத் தாள் திருத்தியவராக இருக்க மாட்டார். ஒரு தேர்வுக்கு ஏழெட்டுப் பேர், அடுத்த தேர்வுக்கு வேறு ஏழெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எழுதினோம் என்று டைரியில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நம் கை தானாகவே, நமக்குப் பிடித்த அதே பிள்ளைகளின் தாளுக்குப் போய்விடும். "வெரி குட்" என்கிற ரப்பர் ஸ்டாம்ப் ஐந்தாம் வகுப்பு வரை எடுபடும். ஒன்பதாம் வகுப்புப் பையன் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்துத் தாளிலும் அது இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பான். இருந்தால் அதோடு சரி.

எதைப் பாராட்டுகிறோம் என்பதும் முக்கியம். "நீ புத்திசாலிடா" என்பது நமக்குச் சுலபமாக வாயில் வருகிற வாக்கியம். அமெரிக்காவில் மியூல்லர், டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிர்களைக் கொடுத்துச் செய்த ஆய்வு 1998இல் வெளியானது. புதிரைப் போட்டு முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களில் பலர் அடுத்து எளிய புதிரையே கேட்டார்கள். கடினமான ஒன்றில் தோற்றதும் அவர்களுக்குத்தான் அதிகம் சோர்வு வந்தது. வாங்கிய பெயரைக் காப்பாற்ற வேண்டுமே! நம் வகுப்பில் முதல் ரேங்க் பிள்ளைகள் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்கத் தயங்குவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அதனால் வழியைச் சொல்லிப் பாராட்டுங்கள். "படம் போட்டுப் பார்த்துட்டு ஆரம்பிச்ச பாரு, அது சரியான வேலை" என்றால், நாளைக்கும் அவன் படம் போடுவான்.

பொய்யாக மட்டும் பாராட்டாதீர்கள். பிள்ளைகளுக்கு அது உடனே தெரியும். பாராட்ட ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால், கிடைக்கிற மாதிரி ஒன்றை நாம் ஏற்பாடு செய்ய வேண்டியதுதான். பத்தாம் வகுப்புக் கணக்கில் செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் தலா 8 மதிப்பெண். மெல்லக் கற்கும் மாணவர்களை நான் அங்கேதான் முதலில் உட்கார வைப்பேன். வாய்பாடு வராதவனுக்கும் காம்பஸ் பிடிக்கக் கை வரும். வட்டத்துக்குத் தொடுகோடு ஒன்று சுத்தமாக வரைந்துவிட்டான் என்றால் அந்த நோட்டை வாங்கி, வகுப்பு முழுக்கப் பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடிப்பேன். ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவராது. எல்லோர் முன்னாலும் பாராட்டினால் கூசிப் போகிற பிள்ளைகள் உண்டு. இன்டர்வெல்லில் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள் என்று அதுகளுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளுக்கு நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது மெதுவாக ஒரு வார்த்தை போதும்.

பொறுப்புக் கொடுப்பதும் ஊக்கம்தான், சரி. ஆனால் எந்தப் பொறுப்பு, யாருக்கு? கரும்பலகையில் படம் வரைய ஒருவன், வகுப்பறை பெருக்க இன்னொருவன் என்று பிரிகிறபோது, அந்த இன்னொருவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். நம் பள்ளிகளில் இதைச் சத்தம் போட்டுப் பேச மாட்டோம். பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். டீ வாங்கிவர அனுப்புவதைப் பொறுப்பு என்று சொல்லிக்கொள்ளவும் வேண்டாம்.

அடுத்து, வீட்டுக்குச் சேதி. பள்ளியிலிருந்து போன் வந்தாலே அம்மாக்களுக்குக் கை நடுங்கும். ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மாவைப் பார்த்துப் பேச வாயைத் திறந்ததுமே, "என்ன டீச்சர் பண்ணுச்சு அது?" என்றார். "ஒண்ணும் பண்ணல, நேத்து போர்டுல தானா வந்து வரைபடக் கணக்கு போட்டா" என்றேன். நம்பாமல் இரண்டாவது முறையும் கேட்டார். மறுநாள் அந்தப் பெண் முதல் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் என்ன பேசினார்களோ, நான் கேட்கவில்லை.

ஒரு தடவை செய்துவிட்டு மறந்துபோவதுதான் இதில் பெரிய கெடுதல். அப்துல் கலாம் எழுதிய ஒரு சம்பவம் எல்லோருக்கும் தெரியும். ராமேஸ்வரத்தில் அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் அவரைச் சாப்பிட வீட்டுக்கு அழைத்தார். ஆசாரமான அவர் மனைவி முஸ்லிம் பையனுக்குப் பரிமாற மறுக்க, ஐயரே பரிமாறிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். இதோடு கதையை முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். பையன் கிளம்பும்போது, அடுத்த வார இறுதியிலும் வா என்று ஐயர் மறுபடி அழைக்கிறார். போனபோது அந்த அம்மாவே சமையலறைக்குள் கூட்டிப் போய்ச் சோறு போட்டாராம். இரண்டாவது அழைப்பு இல்லாவிட்டால் முதல் நாள் அவமானம்தான் பையன் மனதில் தங்கியிருக்கும். தாளின் ஓரத்தில் எழுதினீர்களா, அடுத்த தேர்வில் குறி சரியாக மாறியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மாறியிருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஊக்கத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் பக்கத்து ஊரான கும்பகோணத்திலேயே சாட்சி இருக்கிறது. 1904இல் டவுன் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், ராமானுஜனுக்குக் கணக்குப் பரிசு கொடுத்து, முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்கத் தகுந்தவன் என்று மேடையில் புகழ்ந்தார். அதே ஊர் அரசுக் கல்லூரியில் சேர்ந்த பிறகு, கணக்கைத் தவிர மற்றதில் மனம் போகாமல், ராமானுஜன் உதவித்தொகையை இழந்தார். பாராட்டு அப்படியே இருந்தது, பணம் நின்றுபோனது.

ஆகவே எட்டாம் வகுப்பில் ஒரு பிள்ளையிடம் பொறி தெரிந்தால், பாராட்டின கையோடு தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வுக்கும் பெயரைச் சேருங்கள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். வருமானச் சான்றிதழ் கைக்கு வர நாளாகும். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்காமல், அம்மாவிடம் இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கச் சொல்லிவிடுங்கள்.