வாளிக்குள் ஒரு வால்நட்சத்திரம்

போன பள்ளி விடுமுறையில் பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டு முன்வாசலில் பிள்ளைகளோடு செய்தது இது. மாதிரிக்கு எடுத்துக்கொண்டது 67பி சுர்யுமோவ்-கெராசிமென்கோ என்ற வால்நட்சத்திரம். 1969இல் கண்டுபிடித்தார்கள். ஆறரை ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றிவிடும். 200 ஆண்டுக்குள் ஒரு சுற்றை முடிப்பவற்றைக் குறுங்கால வால்நட்சத்திரம் என்பார்கள். 76 ஆண்டு எடுக்கும் ஹாலியும் அந்தக் கணக்கில்தான் வரும்.

தேவையானவை: நொறுக்கிய உலர்பனி (உறைந்த கரியமில வாயு) 2 கப், தண்ணீர் 2 கப், கடற்கரை மணல் 2 கரண்டி, சாத்தே சுடும் கரியை இடித்த தூள் 3 கரண்டி, கொஞ்சம் கிச்சாப் (சோயா சாஸ்), கனமான குப்பைப் பை, வாளி, தடித்த கையுறை.

படி 1: உலர்பனி வாங்குவது. செய்யும் நாளில் வாங்குங்கள். நான் முதல் நாள் மாலையே வாங்கி ஃபிரீசரில் வைத்தேன். காலையில் பாதிகூட மிச்சமில்லை. உலர்பனிக்கு மைனஸ் 78 பாகைக் குளிர் வேண்டும், வீட்டு ஃபிரீசர் அதற்குப் பக்கத்தில்கூட வராது. மூடி இறுகாத ஐஸ் பெட்டியில் வைத்து, கார் கண்ணாடியைத் திறந்துவிட்டுக் கொண்டு வாருங்கள். இறுக்கி மூடினால் பெட்டி வெடிக்கும். வெறுங்கையால் தொடவே கூடாது. வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: அழுக்கைக் கலக்குவது. வாளிக்குள் பையை விரித்து தண்ணீர், மணல், கரி, கிச்சாப் எல்லாவற்றையும் போட்டுக் கிளறுங்கள். கரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். படங்களில் வெள்ளையாக மின்னுவதைப் பார்த்துப் பனிக்கட்டி என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் 67பியின் மேற்பரப்பு, விழும் ஒளியில் 100க்கு 6 பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. கரித்துண்டுதான், வேறொன்றுமில்லை. கிச்சாப் எதற்கு? கார்பன் கலந்த கரிமப் பொருளுக்கு. ரோசெட்டா விண்கலம் அங்கே கிளைசின் என்ற அமினோ அமிலத்தையே கண்டது. அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அம்மோனியாவும்கூட உண்டு. "அப்படியென்றால் பெலாச்சான் போடலாமா அம்மா?" என்றாள் மகள், நாற்றமடிக்கும் அந்த இறால் விழுதை நினைத்து. போடவில்லை.

படி 3: உருட்டுவது. உலர்பனியைக் கொட்டிக் கிளறுங்கள். வெள்ளைப் புகை பொங்கும். அது கரியமில வாயு இல்லை, நீராவி குளிர்ந்து பனிமூட்டமானது. கலவை கெட்டியாகத் தொடங்கியதும், பையோடு சேர்த்து வெளியிலிருந்து கையுறைக் கையால் பிடியுங்கள். பையின் வாயைக் கட்டாதீர்கள்.

ஒரே உருண்டையாகச் செய்யாமல் பெரிதும் சிறிதுமாக இரண்டு பிடித்து, நடுவில் தண்ணீர் தெளித்து ஒட்டவையுங்கள். 67பி அப்படித்தான் வாத்து மாதிரி இருக்கிறது. இரண்டு தனித்தனி உருண்டைகள் மெதுவாக மோதி ஒட்டிக்கொண்டவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெரிய பாகம் 4.1 கிலோமீட்டர் நீளம். பினாங்குப் பாலம் கடலுக்கு மேலே போகும் 8.4 கிலோமீட்டரில் ஏறக்குறைய பாதி.

நம் உருண்டை கையில் கனக்கும். அசல் அப்படி இல்லை. உள்ளே முக்கால்வாசி வெற்றிடம். அதன் அடர்த்தி தண்ணீரில் பாதியை ஒட்டித்தான். பெரிய தொட்டி கிடைத்தால் மிதக்கும்!

படி 4: வால். ஒரு தட்டில் வைத்து, மேசை விளக்கையும் சின்ன மின்விசிறியையும் ஒரே பக்கம் வையுங்கள். விளக்கு சூரியன், விசிறி சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து பாயும் துகள் ஓட்டம். புகை எதிர்ப்பக்கம் ஓடும். இப்போது தட்டை விளக்கைச் சுற்றி நகர்த்தி, விசிறியையும் அதற்கேற்பத் திருப்புங்கள். வால் பின்னால் இழுபடுகிறது என்று என் மகன் அடம்பிடித்தான். சூரியனை விட்டு விலகும்போது வால் முன்னால் போவதைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினான்.

அப்புறம் காதைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோங்கள். 'உஸ்ஸ்' என்று சத்தம் கேட்கும். விரிசலில் மெல்லிய பீச்சல்களும் தெரியும். உலர்பனி உருகாமல் நேரே வாயுவாகிறது. 2015 ஆகஸ்டில் 67பி சூரியனை நெருங்கியபோது ரோசெட்டா படம் எடுத்த பீச்சல்களும் பனி நேரே வாயுவானதால் வந்தவைதான்.

படி 5: சுத்தம். மிஞ்சிய உலர்பனியைச் சிங்கில் கொட்டாதீர்கள், விரிசல் விடும். வெளியே பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் விட்டுவிட்டால் தானாகக் காணாமல் போகும். உருண்டை இருந்த தட்டில் கடைசியில் கறுப்புச் சேறுதான் கிடக்கும். அதைக் கழுவ நான் மகனைத்தான் அனுப்பினேன்.