வண்டிக்குப் பின்னால் ஓடும் வேட்டை நாய்: நம் பக்கம் நடக்கும் தவறுகள்

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் விடியற்காலை போனால், வாரத்தில் ஒரு நாளாவது இந்தக் காட்சி கண்ணில் படும். ஒருவர் டிவிஎஸ் எக்ஸெல்லில் சாவகாசமாக உட்கார்ந்து போவார். ஹேண்டில்பாரில் சுற்றிய சங்கிலியின் மறுமுனையில் கன்னி, சிப்பிப்பாறை என்று நம் நாட்டு வேட்டை நாய் ஜாதியில் ஏதோ ஒன்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடி வரும். கேட்டால், "வேட்டை நாய்ங்க, ஓட்டம் குடுக்கலீன்னா கெட்டுப் போயிருமுங்க" என்பார். ஓட்டம் வேண்டும் என்பது சரிதான். ஓட்டுகிற விதத்தில்தான் கோளாறு.

நானும் அப்படி ஓட்டியவன்தான். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் வேட்டையைப் பற்றிப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் நாய் வளர்ப்பவர்களிடம் நான் பார்க்கும் பெரிய தவறான நம்பிக்கை அங்கேதான் இருக்கிறது.

எங்கள் அப்பாரு காலத்தில் மொசல் வேட்டை என்றால் நடைதான். நாலைந்து பேர், கையில் தடி, இரண்டு மூன்று நாய்கள். இட்டேரியில், அதாவது இரண்டு வேலிக்கு நடுவே போகும் மண் தடத்தில் இறங்கி, கிளுவை வேலி ஓரமாகவே கொரங்காடு கொரங்காடாக, மேய்ச்சல் காடு ஒவ்வொன்றாக நடப்பார்கள். கொழுக்கட்டைப் புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும் முயல் கிளம்பினால் நாய் ஒரு விரட்டு விரட்டும். வேலிக்குள் புகுந்து தப்பினால் தப்பியதுதான். நாய்க்கு மூச்சு இளைத்தால் ஆளுக்கும் இளைத்திருக்கும். எல்லாரும் ஒரு வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் ஜீப் வந்தது, சர்ச்லைட் வந்தது. வெளிச்சத்தில் கண் கூசி நிற்கும் முயலுக்கு ஓடவே வழியில்லை. நாய் களைத்தால் பின்னால் ஏற்றிக்கொண்டு இன்னொன்றை இறக்கி விடுவார்கள். ஓர் இரவில் எத்தனை காடு சுற்றினாலும் ஆளுக்கு வியர்க்காது.

இந்த வித்தியாசத்தைச் சட்டமும் ஒரு காலத்தில் கவனித்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது சில விலங்குகளை உரிமம் வாங்கி வேட்டையாடலாம் என்று இருந்தது. ஆனால் உரிமம் வைத்திருப்பவரும் மோட்டார் வண்டியில் இருந்தபடி வேட்டையாடக் கூடாது என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். 1991 திருத்தத்தில் அந்த உரிம வேட்டைக்கும் கதவு சாத்தப்பட்டது. இன்றைக்கு நடந்து போனாலும் குற்றம், வண்டியில் போனாலும் குற்றம்.

"நான் துப்பாக்கி எடுக்கல, கண்ணி வைக்கல, நாய் அதுவா தொரத்திச்சு" என்று பலர் சொல்வார்கள். செல்லாது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் படித்துப் பார்த்தால் கொல்வது, பிடிப்பது மட்டுமில்லை, நாயை விட்டுத் துரத்துவதும், விரட்டி ஓட்டுவதும், அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான். முயல் தப்பி ஓடிவிட்டது என்பது வாதமாகாது. பொதுவான குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு 1 லட்ச ரூபாய் வரை அபராதம். மயில் என்றால் கதையே வேறு, அது முதல் அட்டவணையில் இருக்கிறது; குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. நம் பக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் மயில் மேய்கிறது, அவிழ்த்துவிட்ட நாய்க்கு அது தேசியப் பறவை என்பது தெரியாது. இன்னொன்று: வேட்டைக்குப் பயன்பட்டதாகப் பிடிபடும் வண்டி அரசுச் சொத்தாகிவிடவும் சட்டத்தில் இடமுண்டு. தவணை கட்டி முடிக்காத பொலேரோவைப் பறிகொடுத்துவிட்டு நிற்கக் கூடாது.

அப்பாரு காலத்து நடையின் நினைவோடு ஒரு நாய் வாங்குகிறோம், சரி. வேட்டை இல்லை. ஆனால் ஓடுவதற்கென்றே வார்த்த உடம்பு அது. என்ன செய்வது? இங்கேதான் எல்லாரும் வண்டியை எடுக்கிறார்கள்.

உட்கார்ந்திருப்பவருக்கு இளைக்காது

என்னிடம் செவலை என்று ஒரு சிப்பிப்பாறை இருந்தான். ஒன்றே முக்கால் வயது. ஒரு சித்திரை மாதம், தினமும் சாயங்காலம் எக்ஸெல்லில் அவனைக் கூட்டிக்கொண்டு தோட்டத்திலிருந்து மெயின் ரோடு வரை போய் வருவேன். வேகம் கூட இல்லை, இருபதுதான் இருக்கும். ஒரு நாள் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்துவிட்டது. இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் போக, பேச்சு சுவாரசியத்தில் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் போய்விட்டோம். செவலையும் சளைக்காமல் கூடவே வந்தான். மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. பின்தொடை கல்லாட்டம் இறுகிக் கிடந்தது. மூத்திரம் வரக்காப்பி நிறத்தில் போனான்.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்க வண்டில போனீங்க, அது எதுலீங்க போச்சு?" என்று கேட்டார். நடந்தது இதுதான்: தாங்க முடியாத அளவுக்கு ஓடும்போது தசை நார்கள் சிதைகின்றன. அதிலிருந்து வெளியேறும் நிறமிப் பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது, அதுதான் மூத்திரத்தின் நிறம். பந்தய நாய்களில் இது தெரிந்த நோய். குளுக்கோஸ் ஏற்றி ஏற்றி நான்கு நாளில் செவலை பிழைத்தான். பழைய ஓட்டம் திரும்பவில்லை.

எனக்குப் புரிந்த காரணத்தைச் சொல்கிறேன். கன்னி, சிப்பிப்பாறை போன்றவை கண்ணால் பார்த்துத் துரத்துகிற ஜாதி. முகர்ந்து முகர்ந்து மணிக்கணக்கில் தடம் பிடிக்கிற நாய் வேறு, இது வேறு. ஒரு பாய்ச்சலுக்குள் நான்கு காலும் இரண்டு முறை தரையை விட்டு எழும். முதுகு வில்லாய் வளைந்து நிமிரும். இந்த உடம்பின் முழுப் பலமும் சில நூறு மீட்டருக்குத்தான். அதற்குப் பிறகு அது நின்று மூச்சு வாங்க வேண்டும். வண்டியில் கட்டினால் நிற்க முடியாது. கட்டாமல் பின்னால் ஓட விட்டாலும் நிற்காது, ஏனென்றால் எஜமான் போய்க்கொண்டே இருக்கிறானே. களைப்பைக் காட்டிக்கொடுக்கிற நாய்கள் இல்லை இவை. நடந்து போனால் நமக்கு மூச்சு வாங்கும்போதே நாயைத் திரும்பிப் பார்ப்போம். வண்டியில் அந்த அளவுகோல் கையை விட்டுப் போகிறது.

சூடு அடுத்தது. நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். உடம்புச் சூட்டைத் தணிக்க அதற்கு இருப்பது இளைப்பு ஒன்றே. சாதாரணமாக 38, 39 டிகிரி செல்சியஸில் இருக்கும் உடம்பு, ஓட்டத்தில் சட்டென்று ஏறும். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. கொங்கு நாடு மழை மறைவுப் பிரதேசம், பங்குனி சித்திரையில் காலை ஒன்பது மணிக்கே கரூர்ப் பக்கம் அனல் அடிக்கும். "சாயங்காலம்தானே" என்று நான் நினைத்ததும் தப்பு. பகல் முழுக்கக் காய்ந்த தார் ரோடு பொழுது சாய்ந்த பிறகும் கொதிக்கும். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணிப் பாருங்கள். நமக்குத் தாங்கவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் தாங்காது.

நாக்கு வழக்கத்தைவிட அகலமாகத் தொங்கி, ஈறு செக்கச் செவேலென்று ஆகி, நடை தள்ளாடினால் அங்கேயே நிறுத்த வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய் தொட்டித் தண்ணீரை அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் பாதத்திலும் ஊற்றி, காற்றுப் படும்படி வைத்து, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பலர் ஈரச் சாக்கைப் போர்த்தி விடுகிறார்கள். அது சூட்டை உள்ளேயே அடக்கும். வாயைத் திறந்து தண்ணீரை ஊற்றுவதும் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

குட்டியை ஓட்டுவது தனிப் பாவம். ஆறு மாதத்தில் உயரம் வந்துவிடுகிறது, நாமும் பெரிய நாய் என்று நினைத்துக்கொள்கிறோம். எலும்பு முனையில் இருக்கும் குருத்து இறுகி மூட ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது வரை ஆகும். அதுவரை தானாக விளையாடி ஓடுவது போதும். அதேபோல, நெஞ்சு ஆழமான இந்த நாய்களுக்கு வயிறு நிறையக் கம்பஞ்சோறு போட்டுவிட்டு உடனே ஓட விட்டால் வயிறு உப்பி, முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சங்கிலியை ஹேண்டில்பாரில் கட்டுவதைப் பற்றி விளக்கவே வேண்டாம். குறுக்கே ஒரு பூனை ஓடினால் போதும், விழுவது நாய் மட்டுமில்லை.

வண்டியில் ஏற்றிப் போவதிலும் தவறு நடக்கிறது. சின்ன யானை என்கிற குட்டி லாரியின் பின்புறம் கழுத்தில் கயிறு போட்டு நிறுத்துகிறார்கள். கண்ணால் வேட்டையாடும் நாய், ஓடுகிற வண்டியிலிருந்தும் மயிலைப் பார்த்தால் குதிக்கும்; கயிறு குட்டையாக இருந்தால் தொங்கும், நீளமாக இருந்தால் சக்கரத்தில் விழும். கூண்டு வேண்டும், இல்லையென்றால் நெஞ்சுப் பட்டை போட்டு இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவதும் வேண்டாம். வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 10 டிகிரி ஏறிவிடும்.

நடந்தால் மட்டும் சரியாகிவிடுமா?

வண்டியை விட்டு இறங்கியவர்கள் அடுத்து செய்வது, "காத்தாட ஓடட்டும்" என்று கொரங்காட்டில் அவிழ்த்துவிடுவது. அது அடுத்தவர் காடு. காங்கயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்று, விவசாயிகள் செத்த ஆடுகளோடு ரோட்டுக்கு வந்து இழப்பீடு கேட்டுப் போராடியதை நாமெல்லாம் பார்த்தோம். அந்த ஊர்களில் அவிழ்த்துவிட்ட வேட்டை நாயை யாரும் ரசித்துப் பார்க்க மாட்டார்கள். அது ஆட்டைத் தொடாத நாயாகவே இருக்கட்டும், பட்டிக்குப் பக்கத்தில் கண்டால் பழி அதன் மேல்தான். பட்டிக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆபத்து நாய்க்கும் இருக்கிறது. பாய்ச்சலில் இருக்கும் நாய்க்குக் கண்ணில் இலக்கு ஒன்றுதான் தெரியும். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறு தெரியாது. கிளுவை வேலி என்றால் கீறலோடு போகும், இப்போது அதை வெட்டிவிட்டுக் கட்டுகிற முள்கம்பி தோலை உரித்துவிடும். சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் பக்கம் காட்டோரத் தோட்டங்களில் இன்னும் மோசம்: பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயை, அதாவது தீனிக்குள் மறைத்த வெடியைக் கடித்து வாய் சிதறிய நாய்கள் உண்டு, திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியும் உண்டு. அந்தப் பக்கம் கயிற்றை விடவே கூடாது. நாய் காப்புக்காட்டுக்குள் நுழைந்துவிட்டால் நம் மேல் வழக்கு வருவது ஒருபுறம், தடுப்பூசி போடாத நாயிடமிருந்து நரிக்கும் செந்நாய்க்கும் நோய் தொற்றுவது இன்னொருபுறம்.

இப்போது என்னிடம் இருப்பது ஒரு கன்னி. காலை ஐந்தரைக்குக் கிளம்பி, இட்டேரி மண் தடத்தில் முக்கால் மணி நேரம் நடை. கையில் இருபதடிக் கயிறு. இந்த ஜாதிக்குத் தலை சிறுத்து, கழுத்து பருத்திருக்கும். சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்தால் உருவிக்கொண்டு ஓடிவிடும். அகலமான தோல் பட்டையாக, காதுக்குக் கீழே இரண்டு விரல் மட்டும் நுழையும்படி போட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நடுரோட்டில் நாயைத் துரத்தி ஓடியவர்களில் நானும் ஒருவன்.

பாய்ச்சலுக்கு வாரம் இரண்டு நாள். சொந்தத் தோட்டத்தில் கடலை பிடுங்கிய வெறுங்காடு, நாலு பக்கமும் வேலி, கிணற்றைச் சுற்றித் தகரம் அடித்தாயிற்று. ஒரு பழைய சைக்கிள் சக்கரத்தில் நைலான் கயிற்றைச் சுற்றி, நுனியில் வெள்ளைச் சாக்குத் துண்டைக் கட்டி, பெடலைக் கையால் சுழற்றுவேன். சாக்கு தரையோடு தாவித் தாவி ஓட, அவள் பின்னாலேயே பறப்பாள். நேர்கோட்டில்தான் இழுக்க வேண்டும், சட்டென்று திருப்பினால் நாயின் கால்விரல் முறியும். மூன்று பாய்ச்சல், ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சு முழுக்க அடங்கும்வரை ஓய்வு. மூன்றாவது முடிவதற்குள் எனக்குக் கை கழன்றுவிடும், அவளும் போய்த் தொட்டியடியில் படுத்துக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்ததும் விரலிடுக்கிலும் காது மடலுக்குள்ளும் பார்ப்பது வழக்கம். இட்டேரியில் நடந்து வந்த நாய்க்கு உண்ணி இல்லாமல் இருக்காது. உண்ணிக் காய்ச்சலை, "நாய் சோறு திங்கல" என்று இரண்டு நாள் வேடிக்கை பார்த்தால் இரத்தம் குறைந்து ஈறு வெளுத்துவிடும். முள் ஏறியிருந்தால் நொண்டும். அன்றைக்குச் சாயங்காலம் நடை கிடையாது.