சந்தேகமும் தயக்கமும்: இருண்ட ஃபேண்டஸி திகில் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘அவனுக்கு யார் மீதும் நம்பிக்கை வரவில்லை’ என்று எழுதிவிட்டால் வாசகருக்குச் சந்தேகம் தொற்றிக்கொள்ளாது. ஆதாரம் காட்டாமல் உணர்ச்சியை மட்டும் அறிவிப்பதுதான் முதல் தவறு.

ஒரு கோட்டைக் காவலனை எடுத்துக்கொள்வோம். காட்டுக்குள் போனவர்களின் உருவத்தில் வேறு ஏதோ ஒன்று திரும்பி வருகிறது. நள்ளிரவில் அவனுடைய அக்கா கதவைத் தட்டுகிறாள். துவாரம் வழியே பார்க்கிறான்: இடது கையால் தட்டுகிறாள். அவள் வலது கைப் பழக்கம் உள்ளவள் என்பதை முன்பே ஒரு காட்சியில் வாசகர் பார்த்துவிட்டார். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருக்கிறது. காயம் என்றாலும் பொருந்தும், எதையோ மறைக்கிறாள் என்றாலும் பொருந்தும். ஒவ்வொரு தடயமும் இப்படி இரண்டு பக்கமும் பேச வேண்டும்.

அடுத்தது, சந்தேகப் பித்து பிடித்தவனை உளறுபவனாகக் காட்டுவது. உண்மையில் அவனிடம் தர்க்கம் அளவுக்கு மீறி இருக்கும். எதையும் தற்செயல் என்று விடமாட்டான். அக்கா கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால், ‘நன்றாகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது’ என்பான். தடுமாறினால், ‘மாட்டிக்கொண்டது’ என்பான். 1923இல் பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் கப்கிராஸ் சக மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து விவரித்த மனநிலை இங்கே உதவும். அதில் நெருங்கிய உறவினரின் இடத்தில் அச்சு அசலாக அவரைப் போன்ற போலி ஒருவர் வந்துவிட்டதாக நோயாளி உறுதியாக நம்புவார். முகம் அதேதான் என்று ஒப்புக்கொள்வார், ஆள் வேறு என்பார். இந்த அமைதியான உறுதி, அலறலைவிடப் பல மடங்கு பயமுறுத்தும்.

ஃபேண்டஸிக்கே உரிய தவறு ஒன்று உண்டு. அந்த உலகத்தில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் எதையும் சந்தேகிக்க முடியாது. சந்தேகம் தொடங்கும் முன்பே இரண்டு மூன்று விதிகளை வாசகர் மனதில் பதித்துவிடுங்கள். உதாரணமாக, தரையில் உப்பால் போட்ட கோடு எதையும் அந்த ஜந்து தாண்டாது. உடனே வாசகர் கேட்பார்: ‘அப்படியானால் உப்பைத் தூவிப் பார்க்க வேண்டியதுதானே?’ இதற்குப் பதில் இல்லாவிட்டால் நாயகன் முட்டாளாகிவிடுவான். ஆகவே சோதனைக்கு ஒரு விலை வையுங்கள். ஒரு பிடி உப்புதான் மிச்சம். தூவக் கதவைத் திறக்க வேண்டும். இன்று செலவழித்தால் நாளை இரவு உள்ளே தூங்கும் குழந்தைகளுக்குக் காவல் இல்லை.

தயக்கம் சொதப்பும் இடமும் இதுதான். பலர் நாயகனை நிற்கவைத்து இரண்டு பக்கத்துக்கு யோசிக்க வைக்கிறார்கள். தயங்குபவன் சும்மா இருப்பதில்லை. பெரிய முடிவைத் தள்ளிப்போடச் சின்னச் சின்ன வேலைகள் செய்வான். தாழ்ப்பாளை மறுபடி தொட்டுப் பார்ப்பான், விளக்குத் திரியைத் தூண்டுவான், கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பான். அதற்குள் வெளியே தட்டும் சத்தம் பலவீனமாகிறது. தயக்கத்துக்கு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ஏதாவது மாறியிருக்க வேண்டும்: புதுத் தகவல், அடைபட்ட ஒரு வழி, கூடிப்போன விலை. எதுவும் மாறவில்லையா, அந்தப் பத்தியை வெட்டுங்கள். பெரும்பாலான சிறுகதைகளுக்கு மூன்று முறை போதும்.

நடையில், ‘அவளா? அவள்தானா? ஒருவேளை...’ என்று கேள்விகளை அடுக்காதீர்கள். ‘ஏதோ’, ‘போலிருந்தது’ ஆகியவற்றையும் குறையுங்கள். பார்த்தது துல்லியமாக இருக்கட்டும், அதன் பொருள் மட்டும் கலங்கட்டும்.

‘எல்லாம் பிரமை’ என்று முடிப்பது வாசகரை ஏமாற்றும் வேலை. விடை சொல்லாமல் முடிப்பதானால், பிரதியை இருமுறை படியுங்கள்: முதல் முறை, வந்தவள் அக்காதான் என்று நம்பி; மறுமுறை, இல்லை என்று நம்பி. இடறும் வரிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் காவலன் பார்க்காத நேரத்தில், அக்கா தனியாக இருக்கும் காட்சியில்தான் குட்டு உடையும். அந்தக் காட்சியை எடுத்துவிட்டு, அதிலிருந்த தகவலைக் காவலன் காதில் விழும் ஒரு சத்தமாக மாற்றுங்கள்.